கிரைண்டரை எடுப்பதற்கு முன்: ஃபைபர் படகு இன்சூரன்ஸ், வாசகர் கேள்விகள்

ஐப்பசி பிறந்துவிட்டால் இந்தப் பகுதிக்கு எழுதுகிறவர்களே மாறிவிடுவார்கள். மற்ற மாதங்களில் பைக், கார், ஆஸ்பத்திரி பில் என்று வரும். வாடைக்காற்று ஆரம்பித்ததும் கடற்கரைக் கடிதங்கள் குவியும். இருபது வருடத்துக்கு மேல், இன்சூரன்ஸுக்குச் சேதத்தை மதிப்பிடும் சர்வேயராகப் படகு படகாக ஏறி இறங்கியவன் என்பதால் அவற்றை நானே பிரித்து வைத்துக்கொள்வேன். இந்த மாதம் முழுக்க ஃபைபர் படகுதான். பலர் பெயர் போட வேண்டாம் என்று கேட்டிருப்பதால் ஊர் மட்டும் போட்டிருக்கிறேன்.

கேள்வி: கட்டியிருந்த எங்கள் 30 அடி ஃபைபர் படகு, கயிறு அறுந்து கல்லில் அடித்து அணியத்துக்கு (படகின் முன்பக்கம்) பக்கத்தில் ஒரு முழத்துக்கு உடைந்துவிட்டது. நல்ல மீன்பாடு இருந்த நேரம், சும்மா உட்கார முடியவில்லை. ஆள் வைத்து இரண்டே நாளில் ஒட்டிவிட்டோம், 38,000 ரூபாய் ஆனது. ஐந்தாம் நாள் வந்த சர்வேயர், "உடைஞ்சதே தெரியலையே, எதைப் பார்த்து நான் எழுதுறது?" என்கிறார். பணம் வருமா? (வாசகர், அக்கரைப்பேட்டை)

வர வாய்ப்பு இருக்கிறது, ஆனால் இனி நீங்கள் கொஞ்சம் அலைய வேண்டும். உங்களைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை, மீன்பாடு இருக்கும்போது படகைக் கரையில் போட்டுவிட்டு யார்தான் பார்த்துக்கொண்டு இருப்பார்கள். ஆனாலும் நான் பார்த்த தகராறுகளில் பெரும்பாலானவை கடலில் ஆரம்பித்தவை அல்ல, கரையில் ஃபைபரைத் தேய்க்கும் கிரைண்டர் ஓட ஆரம்பித்தபோது ஆரம்பித்தவை. மரப் படகில் பலகையை மாற்றினால் பழைய பலகை எங்காவது ஓரமாகக் கிடக்கும், சர்வேயர் அதைத் திருப்பிப் பார்த்துக்கொள்வார். ஃபைபரில் அப்படி இல்லை. உடைந்த இடத்தைச் சுற்றிச் சரிவாகத் தேய்த்து எடுத்துவிட்டுத்தான், அதுவும் படகு ஓட்டின் கனத்தைப் போல் 12 மடங்கு அகலத்துக்குத் தேய்த்துவிட்டுத்தான், புது மேட் (கண்ணாடி இழை விரிப்பு) வைத்து ரெசின் என்ற பிசினைப் போட வேண்டும். அதாவது நல்ல வேலைக்காரர் முதலில் செய்வதே உங்கள் சாட்சியைத் தூளாக்கிக் காற்றில் விடுவதுதான். வேலை எவ்வளவு சுத்தமோ க்ளெய்ம் அவ்வளவு சிக்கல்.

இப்போது என்ன செய்யலாம் என்றால், முதலில் படகின் உள்பக்கம். வெளியே ஜெல்கோட் என்ற மேல்பூச்சைப் பூசி நிறம் சேர்த்திருப்பார்கள், உள்ளே அவ்வளவு மெனக்கெட மாட்டார்கள், புது மேட் எங்கே முடிகிறது, பழையது எங்கே தொடங்குகிறது என்பது பளிச்சென்று தெரியும். சர்வேயரை உள்ளே இறங்கி அதை அளந்து படம் எடுக்கச் சொல்லுங்கள், கூச்சப்படாதீர்கள், அது அவர் வேலை. அப்புறம் ஃபைபர் வேலை செய்தவரிடம் எத்தனை கிலோ ரெசின், எத்தனை கிலோ மேட், எத்தனை ஆள் எத்தனை நாள் என்று எழுதி வாங்குங்கள். வெறும் "ரிப்பேர் 38,000" என்ற ஒற்றை வரி பில்லுக்கு மதிப்பே கிடையாது. ரெசின் வாங்கிய கடைச் சீட்டும் தேதியோடு வேண்டும். அன்று கரையில் நின்றவர்களின் போனை எல்லாம் கேட்டுப் பாருங்கள். படகு உடைந்தால் நாலு பேராவது படம் எடுத்து யாருக்காவது அனுப்பியிருப்பார்கள், எடுத்த தேதியும் நேரமும் அந்தப் படத்துக்குள்ளேயே பதிவாகியிருக்கும். மீன்வள ஆய்வாளரிடம் சேதத்தைச் சொல்லியிருந்தால் அந்தப் பதிவு ஒன்று.

தேய்த்து வெட்டிய துண்டு எங்கேயாவது கிடக்கிறதா என்றும் தேடுங்கள். ஒருமுறை ஒரு பெரியவர், வெட்டிய துண்டைக் கோழிக்கூண்டுக்கு மேல் மூடியாக வைத்திருந்தார். அதை எடுத்துப் பார்த்ததும் எனக்குப் பாதி வேலை முடிந்தது. புதிதாக உடைந்த ஃபைபர் முனை வெள்ளை வெளேர் என்று, இழை இழையாகச் சிலிர்த்துக்கொண்டு நிற்கும். பழைய விரிசல் என்றால் அழுக்கும் பாசியும் ஏறிப் பழுப்பாக இருக்கும். "அன்று அடித்ததில்தான் உடைந்தது" என்று அவர் பத்து முறை சத்தியம் செய்ததைவிட அந்தத் துண்டு நன்றாகப் பேசியது.

அடுத்த முறைக்கு: உடைந்ததும் முதல் போன் கம்பெனிக்கு, க்ளெய்ம் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள், பிறகு அதையே வாட்ஸ்அப்பிலோ மெயிலிலோ எழுத்தில் போடுங்கள். பதிவு எண் தெரியும்படி தூரத்திலிருந்து ஒரு படம், கிட்டத்தில் டேப் வைத்து ஒரு படம், உள்ளிருந்து ஒரு படம். கஜா அடித்த 2018 நவம்பரில் நாகை, வேதாரண்யம் பக்கம் படகுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. ஆளாளுக்கு ஓட்டையை மட்டும் படம் எடுத்து வைத்திருந்தார்கள், எந்த ஓட்டை யாருடையது என்று கண்டுபிடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. தண்ணீர் உள்ளே போகாமல் தற்காலிகமாக ஒரு மேட் வைத்து அடைப்பது தப்பே இல்லை, சேதம் பெருகாமல் பார்த்துக்கொள்வது உங்கள் கடமை என்றுதான் 1963-ஆம் ஆண்டின் கடல்சார் காப்பீட்டுச் சட்டமும் சொல்கிறது. அடையுங்கள், தேய்க்காதீர்கள். சர்வேயர் வர எத்தனை நாள் ஆகும் என்று பயப்படவும் வேண்டாம். 2024-இல் இன்சூரன்ஸ் கம்பெனிகளை ஒழுங்குபடுத்தும் ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. போட்ட விதிப்படி தகவல் சொன்ன 24 மணி நேரத்துக்குள் சர்வேயரை நியமிக்க வேண்டும், அவர் 15 நாளில் அறிக்கை தர வேண்டும், அறிக்கை கைக்கு வந்த 7 நாளில் கம்பெனி முடிவு சொல்ல வேண்டும். அவர் வர இழுத்தடித்தால், "இன்ன தேதிக்குள் வராவிட்டால் வேலையைத் தொடங்குகிறேன், படங்கள் இணைத்துள்ளேன்" என்று ஒரு மெயில் போட்டுவிட்டுத் தொடங்குங்கள். அந்த ஒரு மெயில் இருந்திருந்தால் நீங்கள் எனக்கு எழுதியிருக்கவே மாட்டீர்கள்.

கேள்வி: மீனவர்களுக்கு அரசு போட்டிருக்கும் 5 லட்ச ரூபாய் இன்சூரன்ஸில் படகுக்கும் பணம் கிடைக்குமா? (வாசகர், கோடியக்கரை)

கிடைக்காது. அது குழு விபத்துக் காப்பீடு, ஆளுக்கானது. இறப்புக்கும் நிரந்தர முழு ஊனத்துக்கும் 5 லட்சம், நிரந்தரப் பகுதி ஊனத்துக்கு 2.5 லட்சம், விபத்தில் ஆஸ்பத்திரிச் செலவுக்கு 25,000 வரை. படகுக்குத் தனியாகப் பாலிசி எடுக்க வேண்டும். எடுக்கும்போது, படகு முழுசாகப் போனால் மட்டும் பணம் தரும் பாலிசியா, பகுதி சேதத்துக்கும் தரும் பாலிசியா என்று ஏஜென்டிடம் கேட்டு அந்த வரியைக் காட்டச் சொல்லிப் படியுங்கள். பிரீமியம் மலிவாக இருக்கிறதே என்று முதல் வகையை எடுத்துவிட்டு, பக்கவாட்டில் ஓட்டை விழுந்ததும் ஓடி வருகிறவர்களுக்கு என்னால் ஒன்றும் செய்ய முடிவதில்லை.

கேள்வி: கரை ஏற்றும்போது படகு ஒரு பாறையில் இடித்தது. வெளியே மயிரிழை போல நட்சத்திர வடிவில் கீறல்கள், வேறு ஒன்றும் இல்லை. க்ளெய்ம் போடும் அளவுக்கு இது பெரிதா? (வாசகர், தொண்டி)

பணத்துக்கு அவசரம் இல்லை, தகவல் சொல்ல மட்டும் அவசரம். அந்த நட்சத்திரக் கீறல் ஜெல்கோட்டில் விழுந்தது. ஜெல்கோட் என்பது மேல்பூச்சு மாதிரிதான், படகைத் தாங்குவது அதற்குப் பின்னால் இருக்கும் மேட்டும் ரெசினும். நடுவிலிருந்து நாலு பக்கமும் கீறல் ஓடியிருந்தால் அந்த இடத்தில் ஓடு உள்வாங்கி மீண்டிருக்கிறது என்று அர்த்தம், உள்ளே அடுக்குகள் ஒன்றைவிட்டு ஒன்று பிரிந்திருக்கக்கூடும். ஒரு ரூபாய் நாணயத்தையோ ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியையோ எடுத்து, நல்ல இடத்தில் தொடங்கிக் கீறல் பக்கம் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல இடத்தில் டக் டக் என்று கணீரென்று கேட்கும், அடுக்கு பிரிந்த இடத்தில் சத்தம் செத்துப்போய் டொப் என்று வரும். டொப் என்று கேட்கும் எல்லையைச் சாக்பீஸால் வட்டம் போட்டுப் படம் எடுங்கள், தட்டுவதை வீடியோவும் எடுங்கள்.

இதை ஏன் இப்போதே செய்யச் சொல்கிறேன் என்றால், கீறல் வழியாகத் தண்ணீர் இறங்க ஆரம்பித்து மூன்று மாதம் கழித்து அந்த இடம் உரிந்து வரும்போது, அது அன்று இடித்ததால் வந்ததா, பல வருடமாக ஊறி வந்ததா என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. கம்பெனி இரண்டாவதைத்தான் சொல்லும். ஒவ்வொரு க்ளெய்மிலும் முதல் இவ்வளவு ரூபாய் உங்கள் பொறுப்பு என்று பாலிசியில் ஒரு தொகை போட்டிருப்பார்கள். செலவு அதற்குள் அடங்கினால் க்ளெய்மை விட்டுவிடுங்கள், ஆனால் தகவல் பதிவாகியிருக்கட்டும்.

கேள்வி: எங்கள் வள்ளத்தில் எஞ்சின் மாட்டியிருந்த அமரப் பகுதி (படகின் பின்பக்கம்) நடுக்கடலில் பிய்ந்து, எஞ்சின் தண்ணீருக்குள் போய்விட்டது. உள்ளே இருந்த மரம் உளுத்துவிட்டது, இது தேய்மானம், ஒன்றும் தர முடியாது என்று கடிதம் வந்திருக்கிறது. (வாசகர், தேங்காய்பட்டணம்)

அந்தக் கடிதம் பாதி சரி. தேய்மானத்துக்கும் பொருளின் சொந்தக் குறைக்கும் பணம் கிடையாது என்பது சட்டத்திலேயே இருக்கிறது, சண்டை போட்டுப் பயனில்லை. ஆனால் உளுத்த மரம் வேறு, அதனால் காணாமல் போன எஞ்சின் வேறு. பல மீன்பிடிப் படகுப் பாலிசிகளில், வெளியே தெரியாமல் மறைந்திருந்த குறையால் உண்டாகும் சேதத்துக்குப் பணம் உண்டு என்று ஒரு பிரிவு இருக்கும். அந்தக் குறையுள்ள பாகத்தை மாற்றும் செலவுக்குக் கிடையாது, அதனால் விளைந்த சேதத்துக்கு உண்டு. உங்கள் பாலிசியில் அந்தப் பிரிவு இருந்தால், அமரத்தைத் திருப்பிக் கட்டும் செலவை விட்டுவிட்டு எஞ்சினுக்கு மட்டும் கேட்டு எழுதுங்கள். எல்லாவற்றையும் சேர்த்துக் கேட்டால் எல்லாவற்றையும் சேர்த்து மறுப்பார்கள்.

ஒன்றே ஒன்று இடிக்கும். நீங்கள் கவனமாக இருந்தும் கண்ணில் படாத குறையாக இருந்திருக்க வேண்டும் என்பதுதான் அந்தப் பிரிவின் நிபந்தனை. ஃபைபர் படகில் அமரப் பகுதியில் ஃபைபருக்கு நடுவே பெரும்பாலும் ப்ளைவுட் வைத்திருப்பார்கள். எஞ்சின் போல்ட்டுக்குத் துளை போடும்போது அந்தத் துளையின் உள்சுவரில் ரெசினோ சீலன்ட்டோ பூசாமல் விட்டால், போல்ட் வழியாகத் தண்ணீர் இறங்கி ப்ளைவுட் உள்ளுக்குள்ளேயே ஊறும். வெளியே பார்த்தால் படகு புதுசு மாதிரி இருக்கும். போல்ட்டைக் கழற்றினால் பழுப்புத் தண்ணீர் சொட்டும், எஞ்சினைப் பிடித்து ஆட்டினால் அமரமே லேசாக அசையும். உங்கள் படகில் ஒரு வருடமாக அசைந்துகொண்டிருந்தது, ஊரில் எல்லோருக்கும் தெரியும் என்றால், மறைந்திருந்த குறை என்று வாதாடச் சொல்லி நான் உங்களை அனுப்ப மாட்டேன். அப்படி இல்லையென்றால், எஞ்சினைக் கடைசியாகக் கழற்றி மாட்டிய மெக்கானிக்கிடம் அன்று என்ன பார்த்தார் என்று எழுதி வாங்கி வையுங்கள்.

கேள்வி: இரவில் ஒரு விசைப்படகு எங்கள் ஃபைபர் படகில் மோதி, வலையையும் அறுத்துவிட்டது. இரண்டு ஊர் பஞ்சாயத்தும் உட்கார்ந்து 40,000 வாங்கிக் கொடுத்தார்கள், தாளில் கையெழுத்துப் போட்டோம். படகு வேலைக்கு மட்டுமே ஒரு லட்சத்துக்கு மேல் ஆகும் போலிருக்கிறது. மீதியை இன்சூரன்ஸில் கேட்கலாமா? (வாசகர், பழையாறு)

அண்ணே, கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் எழுதியிருக்கக் கூடாதா! ஊர் பஞ்சாயத்தைக் குறை சொல்லவில்லை, கடலில் மோதலை மோதலாகவே விடாமல் பேசி முடிப்பது அவர்கள்தான். ஆனால் இன்சூரன்ஸில் ஒரு விதி இருக்கிறது. கம்பெனி உங்களுக்குப் பணம் கொடுத்தால், இடித்தவரிடம் அந்தப் பணத்தைக் கேட்கும் உங்கள் உரிமை அப்படியே கம்பெனி கைக்குப் போகும். "இனி இது சம்பந்தமாக எந்தப் பாத்தியதையும் இல்லை" என்று நீங்கள் எழுதிக் கொடுத்துவிட்டால், கம்பெனிக்குக் கைமாற்ற உங்களிடம் ஒன்றுமே இல்லை. எங்கள் உரிமையை நீங்களே அழித்துவிட்டீர்கள் என்று சொல்லி மறுக்க அவர்களுக்கு வழி கிடைத்துவிடுகிறது.

அந்தத் தாளை எடுத்து இன்னொரு முறை நிதானமாகப் படியுங்கள். எதற்காக 40,000 என்று எழுதியிருக்கிறது? வலைக்கும் தொழில் நின்ற நாட்களுக்கும் என்று இருந்தால் நீங்கள் பிழைத்தீர்கள், படகு ஓட்டின் சேதம் தனியாக நிற்கிறது, தாளின் நகலையும் சேர்த்தே க்ளெய்ம் போடுங்கள். "படகு, வலை, சகலத்துக்கும்" என்று இருந்தால் கஷ்டம்தான். அப்போதும் தாளை மறைத்துக் க்ளெய்ம் போட வேண்டாம், எதிர்த்தரப்பிடம் ஒரு போன் போட்டால் சர்வேயருக்குத் தெரிந்துவிடும், பிறகு கிடைக்க வேண்டியதும் கிடைக்காது.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்கு: மோதியதும் எதிர்ப் படகின் பதிவு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள், கடலோரப் பாதுகாப்புக் குழுமத்துக்கு 1093-இல் சொல்லிவிடுங்கள். பஞ்சாயத்துக்குப் போவதற்கு முன் கம்பெனிக்கு ஒரு தகவல் கொடுங்கள். தாளில் எதற்கு எவ்வளவு என்று தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள். பஞ்சாயத்தார் கோபித்துக்கொள்ள மாட்டார்கள், அவர்களிலும் பாதிப் பேருக்குப் படகு இருக்கிறது.

கேள்வி: பிரீமியத்தைக் குறைக்கப் படகைப் பாதி விலைக்கு இன்சூர் செய்தேன். ரிப்பேர் செலவு அந்தத் தொகைக்குள்தானே வருகிறது, முழுசாகத் தருவார்கள்தானே? (வாசகர், பழவேற்காடு)

எல்லோரும் நினைப்பது போலத்தான் நீங்களும் நினைத்திருக்கிறீர்கள், ஆனால் கணக்கு அப்படிப் போகாது. படகின் மதிப்பு 6 லட்சம், நீங்கள் எடுத்தது 3 லட்சத்துக்கு என்று வைத்துக்கொள்வோம். இன்சூர் செய்யாத பாதிக்கு நீங்களே இன்சூரன்ஸ் கம்பெனி என்பதுதான் சட்டத்தின் கணக்கு. ஒரு லட்சம் ரிப்பேர் என்றால் அவர்கள் பங்கு 50,000, அதிலும் பாலிசியில் உங்கள் பொறுப்பு என்று போட்ட முதல் தொகை கழியும். இதற்கு ஒரு விலக்கு உண்டு. படகின் மதிப்பு இவ்வளவு என்று இரு தரப்பும் ஒப்புக்கொண்டு பாலிசியிலேயே எழுதியிருந்தால், மோசடி இல்லாதவரை அந்த மதிப்பை இரண்டு பேருமே பிறகு மாற்றிப் பேச முடியாது. அப்படி எழுதிய மதிப்பு முழுவதுக்கும் இன்சூர் செய்திருந்தால் இந்தக் கழிவு வராது. உங்கள் பாலிசி எந்த வகை என்று முதல் பக்கத்திலேயே தெரியும், பாருங்கள்.

இன்னொரு வாசகர், காருக்குச் செய்வது போல ஃபைபர் பாகத்துக்கு 30 சதவீதம் தேய்மானம் கழிப்பார்களா என்று கேட்டிருக்கிறார். அது மோட்டார் வாகனப் பாலிசியின் அட்டவணை, படகுக்கு அது பொருந்தாது. படகுப் பாலிசியில் என்ன கழிவு எழுதியிருக்கிறதோ அதுதான், எழுதாத கழிவைப் போட்டால் எந்த வரியின்படி என்று கேளுங்கள்.

கேள்வி: படகு என் வீட்டுக்காரர் பெயரில். அவர் தவறி ஒன்றரை வருடம் ஆகிறது, மகன்தான் தொழிலுக்குப் போகிறான். பாலிசியை அவர் பெயரிலேயே புதுப்பித்து வந்தோம். இப்போது படகு அலையில் கவிழ்ந்து உடைந்துவிட்டது. (வாசகி, புன்னக்காயல்)

அம்மா, உங்கள் கடிதத்தில் பதற்றம் தெரிகிறது, முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன், நீங்கள் யாரையும் ஏமாற்றவில்லை. ஒருவர் இறந்தால் படகின் மேல் அவருக்கு இருந்த உரிமை சட்டப்படி வாரிசுகளுக்கு வந்துவிடுகிறது, அவர் இறந்தபோது நடப்பில் இருந்த பாலிசியின் பலனும் அதோடு வரும். சிக்கல் அதற்குப் பிறகு அவர் பெயரிலேயே புதுப்பித்ததில்தான். இல்லாத ஒருவரோடு எப்படி ஒப்பந்தம் என்று கம்பெனி கேட்கும். உங்கள் தரப்பில் நீங்கள் கேட்க வேண்டியது: புதுப்பிக்கும்போது பணம் கட்டியது யார், யார் கணக்கிலிருந்து போனது, அவர் இறந்தது ஏஜென்டுக்குத் தெரியுமா? துக்கத்துக்கு வந்துவிட்டுப் போன ஏஜென்ட்டே அடுத்த மாதம் பிரீமியம் வாங்கியிருந்தால் (இப்படியும் நடந்து பார்த்திருக்கிறேன்) அதை எழுத்தில் சொல்லுங்கள், உங்கள் வாதத்துக்கு அது பெரிய பலம்.

தாசில்தார் அலுவலக வாரிசுச் சான்றிதழும் இறப்புச் சான்றிதழும் வைத்து, மீன்வளத் துறை அலுவலகத்தில் படகுப் பதிவை உங்கள் பெயருக்கோ மகன் பெயருக்கோ மாற்ற இன்றே மனு கொடுங்கள். க்ளெய்ம் கடிதத்தில் வாரிசுகள் எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள். இது சுலபமாக முடியும் என்று உங்களுக்குப் பொய் சொல்ல மாட்டேன், மறுத்தால் கீழே ராமேஸ்வரம் வாசகருக்குச் சொல்லியிருக்கும் வழியில் போங்கள்.

பழைய படகு வாங்கியவர்களும் இதைப் படித்துக்கொள்ளுங்கள். படகை விற்றால் பாலிசி தானாகக் கூடவே வராது. கம்பெனிக்குச் சொல்லிப் பெயரை மாற்றாவிட்டால் படகு ஒருவரிடம், பாலிசி இன்னொருவரிடம்.

கேள்வி: புயலில் படகு சேதமானதற்கு அரசு நிவாரணம் வாங்கினால் இன்சூரன்ஸ் கேட்க முடியாதா? (வாசகர், எண்ணூர்)

கேட்கலாம். நிவாரணம் அரசின் உதவி, இன்சூரன்ஸ் நீங்கள் பிரீமியம் கட்டி வாங்கியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பிறகு, முழுவதும் சேதமடைந்த வல்லம் வகைப் படகுகளுக்கான நிவாரணத்தை 75,000-லிருந்து ஒரு லட்சமாக உயர்த்தினார்கள். எஞ்சினோடு சேர்ந்த ஒரு ஃபைபர் படகின் விலைக்கு முன்னால் அது எம்மாத்திரம் என்று உங்களுக்கே தெரியும். வாங்கியதைச் சர்வேயரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். மீன்வளத் துறை எடுக்கும் சேதப் பட்டியலில் உங்கள் பதிவு எண் சரியாக ஏறியிருக்கிறதா என்றும் பாருங்கள், க்ளெய்முக்கு அது நல்ல சாட்சி. துறை கடலுக்குப் போக வேண்டாம் என்று சொன்ன பிறகு போய் உடைத்துக்கொண்டு வந்தால் மட்டும் என்னிடம் வராதீர்கள்.

கேள்வி: படகு உடைந்தபோது எனக்கும் கால் முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தேன். 12 நாள் கழித்துத்தான் தகவல் சொல்ல முடிந்தது. "காலதாமதம்" என்ற ஒரே காரணம் சொல்லி மறுத்துவிட்டார்கள். (வாசகர், ராமேஸ்வரம்)

இது எனக்கே எரிச்சல் தந்த கடிதம். நியாயமான காரணத்தால் தாமதமான க்ளெய்மைத் தாமதம் என்ற ஒன்றை மட்டும் காட்டி இயந்திரம் மாதிரி மறுக்கக் கூடாது என்று 2011 செப்டம்பரிலேயே ஐ.ஆர்.டி.ஏ. (இன்றைய ஐ.ஆர்.டி.ஏ.ஐ.தான்) சுற்றறிக்கை அனுப்பிவிட்டது. 2020-இல் உச்ச நீதிமன்றமும் குர்ஷிந்தர் சிங் வழக்கில், வண்டி திருடு போனதும் போலீசில் சொல்லிவிட்டவருக்குக் கம்பெனியிடம் தாமதமாகச் சொன்னார் என்பதற்காக மட்டும் மறுக்க முடியாது என்றது. அது வண்டித் திருட்டு வழக்கு, உங்களுக்கு நேராகப் பொருந்தாது, ஆனால் நியாயம் ஒன்றுதான்.

ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் சம்மரியை இணைத்து, கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்கள். ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் பீமா பரோசா என்ற புகார் இணையதளத்திலும் பதியலாம், 155255-க்கு போன் செய்தும் பதியலாம். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ வந்த பதில் சரியில்லை என்றாலோ இன்சூரன்ஸ் குறைதீர்ப்பாளரிடம் போங்கள், ஆம்புட்ஸ்மன் என்பார்களே அவர்தான். சென்னை அலுவலகம் தமிழ்நாடு முழுவதையும் புதுச்சேரி, காரைக்காலையும் பார்க்கிறது. கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை, 50 லட்சம் வரை தீர்ப்புச் சொல்லலாம். கம்பெனியின் பதில் வந்த ஒரு வருடத்துக்குள் போக வேண்டும், அதே விஷயம் கோர்ட்டில் இருந்தால் எடுக்க மாட்டார்கள். அவர் தீர்ப்பு கம்பெனியைக் கட்டுப்படுத்தும்.

அங்கேயும் சரிவராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம், இரண்டு வருடத்துக்குள். மீன்பிடிப்பது வியாபாரம், நீங்கள் நுகர்வோரே இல்லை என்று அங்கே ஒரு வாதம் வைப்பார்கள், மிரள வேண்டாம். சொந்தப் பிழைப்புக்காகத் தானே தொழில் செய்கிறவர் நுகர்வோர்தான் என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. படகில் நீங்களே போகிறீர்கள் என்பதை மனுவின் முதல் பத்தியிலேயே எழுதிவிடுங்கள்.

கேள்வி: சர்வேயருக்குப் பெட்ரோல் காசு கொடுக்க வேண்டுமா? (வாசகர், சந்திரபாடி)

வேண்டாம். அவருக்குக் கூலி கம்பெனி கொடுக்கிறது. வெயிலில் வந்தவருக்கு ஒரு டீ கொடுங்கள், போதும். நான் சர்வேக்குப் போன ஊர் ஒன்றில் ஒரு முழு வஞ்சிரத்தை வாழையிலையில் சுற்றி பைக்கில் கட்டிவிட்டார்கள், வீட்டுக்கு வந்துதான் பார்த்தேன். திருப்பிக் கொண்டுபோய்க் கொடுக்க நாற்பது கிலோமீட்டர் போனேன், அதற்கு என் மனைவி இன்னும் என்னை மன்னிக்கவில்லை.